நானா?

தளி பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்க்கரை போடாத டீ குடித்துக்கொண்டிருந்தார் ஒரு முன்னாள் ஹவில்தார். ராத்திரி ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு செக்யூரிட்டி. ‘‘பதினேழு வருஷம் சார். சேரும்போது உடம்புல ஒரு குறை கிடையாது. 2009-ல பி.பி.யோட வெளியே வந்தேன். ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டா ‘நானா’னு எழுதிட்டாங்க.’’

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். ‘நெய்தர் ஆட்ரிபியூட்டபிள் நார் அக்ராவேட்டட்’ என்பதன் முதலெழுத்துகள். வியாதி ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் முற்றியதும் இல்லை என்று மருத்துவக் குழு போடும் முத்திரை. தமிழில் படித்தால் சர்க்கார், ‘‘யாரு, நானா?’’ என்று கேட்பது போலவே இருக்கிறது.

அரசாங்க விதிகளை ரசித்துப் படிக்கும் வழக்கம் எனக்கில்லை. ஆனால், 1982-ம் வருடத்து ராணுவ பென்ஷன் தகுதி விதிகள் நிஜமாகவே நல்ல மனதோடு எழுதப்பட்டவை. சேரும்போது குறிப்பேட்டில் ஒரு நோய் பதிவாகவில்லை, பிற்பாடு அதே நோயால் வெளியேற நேர்கிறது என்றால், அது பணியில் வந்ததாகவே பொதுவாகக் கொள்ள வேண்டும். நிரூபிக்கும் சுமை சிப்பாய்க்குக் கிடையாது. சந்தேகத்தின் பலன் அவனுக்கே. ஆரம்பப் பரிசோதனையில் கண்டுபிடித்திருக்கவே முடியாத நோய் என்று டாக்டர்கள் கருதினால், அதற்குக் காரணம் எழுத வேண்டும்.

அந்தக் ‘காரணம்’தான் சிக்கல். விதி முழு வாக்கியம் கேட்டது. பல மருத்துவக் குழுக்கள் நாலெழுத்தோடு நிறுத்திக்கொண்டன.

சிக்னல் பிரிவில் 1985-ல் சேர்ந்த தரம்வீர் சிங், ஒன்பது வருடத்தில் வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்டார். ஊனம் 20 சதவிகிதம், பென்ஷன் இல்லை. விதியில் உள்ளதைத்தான் சுப்ரீம் கோர்ட் 2013-ல் திருப்பிச் சொன்னது: காரணம் எழுதாத முடிவு செல்லாது. விதிப் புத்தகத்தைச் சரியாகப் படித்துக் காட்ட பத்தொன்பது வருஷம்!

தொகையாவது பெரிசா? நூறு சதவிகித ஊனத்துக்கே கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம். பி.பி.க்கு 30 சதவிகித ஊனம் என்று மதிப்பிட்டால், கைக்கு வருவது சம்பளத்தில் 9 சதவிகிதம். 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆகக் கணக்கிடும் சலுகை, முழு சர்வீஸ் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு, அது 15 ஆகலாம்.

மறுபக்கமும் இருக்கிறது. பி.பி.யும் சர்க்கரையும் பாங்க் கேஷியருக்கும்தான் வருகிறது. ஓய்வு நெருங்கும்போது சில பெரிய அதிகாரிகளுக்கு வியாதி தேடி வருகிறது என்ற முணுமுணுப்பு ராணுவத்துக்குள்ளேயே உண்டு. 2023-ல் விதிகளைத் திருத்தி, இத்தகைய நோய்கள் சிலவற்றுக்கு ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’ என்று புதுப் பெயரும் வைத்தார்கள். தப்பு செய்பவரைப் பிடிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்காக அஞ்சு வருஷம் பனியில் நின்ற சிப்பாயையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு உறுத்துகிறது. அமெரிக்காவில், வியட்நாமில் களைக்கொல்லி விஷத்தின் நடுவே இருந்தவர்களுக்கு வந்த பி.பி.யையும் பணியால் வந்ததாகவே கருதலாம் என்று 2022-ல் சட்டம் போட்டார்கள். போர் முடிந்து நாற்பத்தேழு வருஷம் கழித்து!

‘‘சென்னையில ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே?’’ என்றேன்.

‘‘லீவு போட்டா சம்பளம் பிடிப்பாங்க சார்’’ என்றவர், ஓசூர் பஸ் வரவும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினார்.