காடு நாடான கதை: எல்லைப்புறக் கோட்பாடும் சிங்கப்பூர்த் தமிழர் வரலாறும்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு பேசப்படும்போது, காடாகக் கிடந்த தீவை நம் முன்னோர் நாடாக்கினர் என்னும் கூற்று விழா மேடைகளிலும் வகுப்பறைகளிலும் இடம்பெறுவதுண்டு. உழைப்பைப் போற்றும் இக்கூற்றில் உறைந்துள்ள கருத்தியலை, அமெரிக்காவின் மேற்கு நோக்கிய விரிவாக்கம் பற்றிய எழுத்துகளோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1893-இல் சிக்காகோவில் வரலாற்றறிஞர் பிரெடரிக் ஜாக்சன் டர்னர் படித்த கட்டுரை, தடையின்றிக் கிடந்த நிலமும் அதை நோக்கிய குடியேற்றமுமே அமெரிக்க வளர்ச்சியை விளக்கும் என வாதிட்டது. இக்கோட்பாட்டில் குடியேறியவரே செயலாற்றுவோர். நிலம் ஏறத்தாழ வெற்றிடம். 1830-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பூர்வகுடியினர் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றப்பட்டதும், அதன் தொடர்ச்சியாகச் செரோக்கி மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்ததும் அதில் உரிய இடம் பெறவில்லை. இவ்வரலாற்றை வெற்றிகொள்ளலின் வரலாறாகவே காணவேண்டும் எனப் பட்ரீஷியா லிமெரிக் 1987-இல் வெளியிட்ட நூல் வலியுறுத்தியது.

சிங்கப்பூர் வரலாற்றிலும் இதே வெற்றிடக் கற்பனை செயற்படுகிறது. 1819 பிப்ரவரி 6-ஆம் நாள் உடன்படிக்கை ஆங்கிலேயருக்கு வணிக நிலையம் அமைக்கும் உரிமையையே அளித்தது. முழுத் தீவும் அவர்கள் வசமானது 1824 ஆகஸ்டு 2-ஆம் நாள் உடன்படிக்கையால்தான். அதற்கென, மாதப்படி நீங்கலாக, சுல்தானுக்கு 33,200 டாலரும் தெமெங்கோங்கிற்கு 26,800 டாலரும் பேசப்பட்டன. விலை பேசிப் பெற்ற நிலம் உரியவரற்ற நிலமாக இருந்திருக்க இயலாது. காலாங் ஆற்றில் படகுகளில் வாழ்ந்த ஓராங் காலாங் மக்கள், ஆங்கிலேயர் வருகைக்குப் பின் ஜொகூரின் பூலாய் ஆற்றுப் பகுதிக்கு இடம்பெயர்க்கப்பட்டனர்; 1847-இல் பெரியம்மை அவர்களுள் பெரும்பாலோரை மாய்த்தது. 'காடாகக் கிடந்த தீவு' என்னும் தொடரில் இவர்கள் இல்லை.

நாடாக்கியவர் யாவர் என்னும் வினாவும் எளிதன்று. உள்நாட்டுக் காட்டைப் பெரிதும் அழித்தவை சீனரின் காம்பியர், மிளகுத் தோட்டங்களே. 1825 முதல் 1873 வரை சாலையமைத்தும், சிராங்கூன் சாலைப் பகுதியில் செங்கல் சுட்டும், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியும் உழைத்தவருள் இந்தியக் கைதிகள் முதன்மையானவர். அவர்கள் வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்களிலிருந்து கொணரப்பட்டவர். அனைவரும் தமிழர் அல்லர். அவர்களைப் பற்றி 1899-இல் வெளிவந்த விரிவான நூலை எழுதிய மெக்நேர், கைதிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த அதிகாரி. கைதிகளே தமக்குக் காவலராயினர் என்பது அந்நூலின் பெருமிதம். காவல் புரிந்தவரின் பெருமிதத்தை வழித்தோன்றலின் பெருமிதமாக நாம் ஏற்றுக்கொண்டுவிடலாகாது. விலங்கிட்டுக் கொணரப்பட்டவரை 'முன்னோடி' என்னும்போது, புகழ்ச்சியே தண்டனையை மறைத்துவிடுகிறது.

கைதிகள் நிலத்தை உரிமையாக்கிக்கொண்டவர் அல்லரே, அவர்களை அமெரிக்கக் குடியேறிகளோடு ஒப்பிடலாமா என வினவலாம். வினா நியாயமானதே. ஒப்புமை மனிதரிடத்தில் இல்லை. கதை சொல்லும் முறையிலேயே உள்ளது.

இம்முறைக்கு நம் இலக்கியத்திலேயே மாற்று உண்டு. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதைப் போற்றுகிறார். அச்செயல் மட்டுமே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஆயின் அதற்கு முந்தைய அடிகளில் ஒளியர், அருவாளர் முதலானோர் பணிந்ததும், பொதுவர் குடி அழிந்ததும், இருங்கோவேள் வீழ்ந்ததும் கூறப்படுகின்றன. புலவர் வென்றவனைப் பாடுகிறார். எனினும் தோற்றவர் பெயரை மறைக்கவில்லை. அப்பெயர்களை நீக்கி மேற்கோள் காட்டுவது நமது பழக்கமேயன்றிப் புலவரது அன்று.

2019-இல், ஆங்கிலேயர் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராபிள்ஸ் சிலையருகே நாராயண பிள்ளை உள்ளிட்ட நால்வரின் சிலைகள் வைக்கப்பட்டன. தமிழருக்கு அது மகிழ்ச்சி தந்த செயலே. எனினும் அவ்வரிசையில் கைதி ஒருவரோ, ஓராங் காலாங் ஒருவரோ இல்லை. சிலைக்குரியோரைப் பாடநூல் எளிதில் நினைவூட்டும். சிலையற்றோரை நினைவூட்டும் பொறுப்பு ஆசிரியரைச் சார்ந்தது. காடு நாடான கதையைக் கற்பிக்கும்போது, அந்நிலத்தில் முன்பு வாழ்ந்தவர் யாவர், பின்பு எங்குச் சென்றனர் என்னும் இரு வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். அவ்வினாக்களால் நம் முன்னோரின் உழைப்பு சிறுமையுறாது. அதன் உண்மையான விலையே புலப்படும்.