கைமாறும் முறை: கூடைப்பந்து டிராஃப்டும் கொங்கு நாட்டின் கணக்கும்

என்.பி.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் 30 அணிகளும் ஆண்டுதோறும் கூடி, புதிதாகத் தொழில்முறை ஆட்டத்துக்குள் வரும் இளம் வீரர்களை இரண்டு சுற்றுகளில் வரிசைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டுக்கு டிராஃப்ட் என்று பெயர். அதில் முந்தைய பருவத்தில் அதிகம் தோற்ற அணிகளுக்கே முன்வரிசை கிடைக்கும்படி விதி அமைந்திருப்பதால், ஓர் அணி வீரரைத் தேர்ந்தெடுக்கப் பெறும் ஒவ்வொரு வாய்ப்பையும் 'முறை' என்று தமிழில் சொல்வது பொருந்தும். இந்த முறையை அதற்குரிய அணியே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்றைய ஒரு வீரருக்கு ஈடாக, ஏழு ஆண்டுகள் கழித்து வரவிருக்கும் முறையைக்கூட வேறோர் அணிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். இன்று பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும், யாரென்றே தெரியாத ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இவ்வாறு விற்பனைப் பொருளாகிறது.

கொங்கு வட்டாரத்துக்கு முறை என்ற கருத்து புதியதன்று. ஆழியாறு, திருமூர்த்தி அணைகளின் பாசனப்பகுதி, குறிப்பாகப் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால்கள், மண்டலம் மண்டலமாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்தே தண்ணீர் பெறுகின்றன. கீழ்பவானி வாய்க்காலிலும் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து மாறி மாறித் தண்ணீர் விடும் ஒழுங்கு உண்டு. அந்த முறை நிலத்தோடு ஒட்டியது. நிலம் கைமாறினால் முறையும் உடன் போகும். நிலத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஏழு ஆண்டுத் தண்ணீரை மட்டும் எழுதிக் கொடுக்கும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. சீட்டு இதற்கு நேர்மாறானது. குலுக்கல் சீட்டில் பெயர் விழும் மாதமே ஒருவருடைய முறை என்றால், ஏலச்சீட்டில் அவசரம் உள்ளவர் ஒரு தொகையைத் தள்ளிவிட்டு முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார், காத்திருப்பவர்களுக்கு அந்தத் தள்ளுத்தொகை ஆதாயமாகிறது. டிராஃப்ட் பிறந்தபோது அது பாசன முறையைப் போன்றிருந்தது என்றும், கைமாற்றும் வழக்கம் அதை ஏலச்சீட்டாக மாற்றியது என்றும் கொள்ளலாம். சீட்டில் உள்ள ஒரு காவல் இதில் இல்லை என்பதைப் பின்னர் காணலாம்.

வழக்கத்தின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பெரிய வீரர்கள் பெருநகரங்களையே நாடுவது இயல்பு என்பதால், சிறிய ஊர்களின் அணிகளுக்கு முறைகளைத் தவிர வேறு செல்வம் பெரும்பாலும் இருப்பதில்லை. மக்கள்தொகையில் கோவையைவிடச் சிறியதான ஓக்லஹோமா சிட்டியின் தண்டர் அணி 2019-இல் பால் ஜார்ஜ் என்னும் முன்னணி வீரரை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்தபோது, ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற இளைஞர் உள்ளிட்ட இரு வீரர்களையும், முதல் சுற்று முறைகள் ஐந்தையும், வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமைகள் இரண்டையும் பெற்றது. அந்த முறைகளில் ஒன்று 2022-இல் பன்னிரண்டாவது இடத்தில் ஜேலன் வில்லியம்ஸைக் கொண்டுவந்தது. 2025-இல் அந்த அணி கோப்பையை வென்றபோது இவ்விருவருமே அதன் தூண்களாக நின்றனர். முறைகளைக் கைமாற்றத் தடை இருந்திருந்தால், விலகிச் செல்ல விரும்பிய ஒரு வீரருக்கு ஈடாக இவ்வளவு பெரிய எதிர்காலத்தை அந்தச் சிறிய ஊர் பெற்றிருக்க இயலாது. மேலும், சம்பள உச்சவரம்புக்கு மேல் செலவிடும் அணிகள் வீரர்களைப் பரிமாறும்போது இருபக்கச் சம்பளமும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும் என்ற விதி உள்ளதால், சம்பளக் கணக்கில் ஏறாத இந்த முறைகள், பேரத்தில் எஞ்சும் ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டும் சில்லறையாகவும் பயன்படுகின்றன.

குறை தொடங்கும் இடமும் இந்தப் பேரத்திலேயே தெரிகிறது. கொடுக்கப்பட்ட ஐந்து முதல் சுற்று முறைகளில் கிளிப்பர்ஸ் அணியின் சொந்த முறைகள் மூன்று. அவை 2022, 2024, 2026 ஆண்டுகளுக்கு உரியவை. பால் ஜார்ஜோ 2024-இல் ஒப்பந்தம் முடிந்து, அந்த அணிக்கு எந்த ஈடும் கிடைக்காதபடி பிலடெல்பியாவுக்குச் சென்றுவிட்டார். வாங்கிய பொருள் வீட்டைவிட்டுப் போன பின்னும் தவணை தொடர்ந்தது.

புரூக்ளின் நெட்ஸ் அணியின் வரலாறு இன்னும் கசப்பானது. 2013-இல் கெவின் கார்னெட், பால் பியர்ஸ் என்ற முதிர்ந்த இரு நட்சத்திரங்களைப் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியிடமிருந்து பெறுவதற்காக, அந்த அணி 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று முறைகளையும் 2017-இல் வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. நட்சத்திரங்கள் விரைவிலேயே மங்கினர். 2015–16 பருவத்தில் 82 ஆட்டங்களில் 21, அடுத்த பருவத்தில் 20 என்று வெற்றிகள் சுருங்கின. இவ்வளவு தோற்ற ஓர் அணிக்கு ஆறுதலாக வர வேண்டிய முன்வரிசை இரு ஆண்டுகளும் பாஸ்டனுக்கே சென்றது. 2016-இன் மூன்றாவது இடத்தில் ஜெய்லன் பிரவுன் வந்தார். 2017-இன் முதலிடத்தை மூன்றாமிடத்துக்கும் மற்றொரு முறைக்கும் மாற்றிக்கொண்டு பாஸ்டன் ஜேசன் டேட்டமைத் தேர்ந்தது. இந்த இருவரைக் கொண்டே அது 2024-இல் கோப்பை வென்றது. பேரத்தை முடித்த பொது மேலாளரோ, கொடுத்த முறைகள் பலன் தரத் தொடங்குமுன்பே, 2016 ஜனவரியில் அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்.

இவ்வழக்கத்தின் மையக்குறை இதுவே. ஏலச்சீட்டில் முன்கூட்டி எடுப்பவர், மீதித் தவணைகளுக்கு ஜாமீன் கொடுத்த பிறகே பணத்தைக் கையில் வாங்குகிறார், தவணைகளைக் கட்டும் நாளிலும் அவரே அங்கு இருக்கிறார். அணி மேலாளரின் பதவிக்காலம் சில ஆண்டுகள். அவர் எழுதிக் கொடுக்கும் முறைகள் ஏழு ஆண்டுகள் வரை நீள்பவை. எடுப்பவர் ஒருவராகவும் கட்டுபவர் வேறொருவராகவும் இருக்கும் சீட்டில், கையெழுத்திடாமலேயே ஜாமீனாக நிற்பவர்கள் அந்த ஊரின் ரசிகர்களே. மேலாளர்களின் நேர்மையைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. வேலை நிலைக்குமா என்ற அச்சத்தில் இருக்கும் எந்த மனிதரும் அடுத்த ஆண்டின் வெற்றியை ஏழாம் ஆண்டின் இழப்பைவிடப் பெரிதாகவே மதிப்பார் என்பதால், குறை ஏற்பாட்டில் இருக்கிறது.

கூட்டமைப்பு இதை அறியாமலில்லை. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து கவாலியர்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் காலத்தில் முதல் சுற்று முறைகள் ஆண்டு ஆண்டாகக் கைவிட்டுப் போய் அணி வெறுமையானபோது, அதன் பேரங்களைக் கூட்டமைப்பு கண்காணிக்க நேர்ந்தது. 1983-இல் அணியை வாங்கிய புதிய உரிமையாளர்கள் கூடுதல் முறைகளை விலைக்குப் பெற்று அணியை மீட்பதற்கும் வழிசெய்யப்பட்டது. எதிர்வரும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் முதல் சுற்றில் ஒரு முறைகூட இல்லாத நிலைக்கு எந்த அணியும் தன்னை ஆளாக்கிக்கொள்ளக் கூடாது என்ற தடை இன்றும் ஸ்டெபியன் பெயராலேயே வழங்குகிறது. ஆயினும், ஓராண்டு விட்டு ஓராண்டு முறையைக் கொடுத்து, இடையிலுள்ள ஆண்டுகளில் வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தால் தடையை மீறாமலே அதன் நோக்கத்தைத் தோற்கடித்துவிடலாம். நெட்ஸ் அணியின் 2014, 2016, 2018 என்ற வரிசையும் இடையே 2017-இன் மாற்றுரிமையும் இப்படித்தான் அமைந்தன.

இன்னொரு காவலாகக் கருதப்படும் 'பாதுகாப்பு நிபந்தனை' புதிய தீங்கையும் கொண்டுவந்தது. கொடுத்த முறை, எடுத்துக்காட்டாக, முதல் பத்து இடங்களுக்குள் விழுந்துவிட்டால் அதைக் கொடுத்த அணியே வைத்துக்கொள்ளலாம் என்பது இந்நிபந்தனையின் பொருள். பெருநஷ்டத்திலிருந்து காப்பதற்கு வந்த இவ்விதி, பருவத்தின் இறுதியில் தோற்பதையே லாபமாக்கிவிடுகிறது. 2023-இல் டாலஸ் மாவரிக்ஸ் அணி, நியூயார்க் நிக்ஸுக்குக் கொடுத்திருந்த முறை இத்தகைய நிபந்தனைக்கு உட்பட்டிருந்த நிலையில், அடுத்த கட்டத்துக்கு முன்னேறும் வாய்ப்பு மிச்சமிருந்தபோதே சிகாகோவுக்கு எதிரான ஆட்டத்தில் முக்கிய வீரர்களை உட்காரவைத்தது. கூட்டமைப்பு ஏழரை லட்சம் டாலர் அபராதம் விதித்தது. பத்தாவது இடத்தில் விழுந்த முறையோ டாலஸிடமே நின்றது. தோல்விக்குப் பரிசளிக்கும் இயல்பைக் குறைப்பதற்காகவே 1985 முதல் முன்வரிசை குலுக்கல் வழியே முடிவாகிறது. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிடம் பெறும் வாய்ப்பு தலா 14 விழுக்காடு என்று சமமாக்கப்பட்டுள்ளது. முறை விற்பனைக்குரியதாக இருக்கும்வரை இத்திருத்தங்கள் பாதி வழியே செல்லும் என்றே தோன்றுகிறது.

பரிமாற்ற முன்மொழிவுகள் எழுதப்படும் விதத்திலும் ஒரு பிழை ஊறியிருக்கிறது. நான்கு முறைகளுக்கு ஒரு நட்சத்திரம், மூன்றுக்கு ஒரு நல்ல வீரர் என்று, முறைகள் ஒரே மதிப்புள்ள நாணயங்கள்போல எண்ணப்படுகின்றன. கோப்பை வெல்லக்கூடிய அணியின் முறை முப்பதாவது இடத்தில் விழும். சரியப்போகும் அணியின் முறை மூன்றாவது இடத்தில் விழும். ஆகவே முறையை மதிப்பிடுவது அதைக் கொடுக்கும் அணியின் முதுமையை மதிப்பிடுவதேயாகும். அதன் வீரர்கள் அந்த ஆண்டில் எத்தனை வயதினராக இருப்பர், ஒப்பந்தங்கள் எப்போது முடியும் என்ற கேள்விகளுக்கு விடைதராத முன்மொழிவு எண்ணிக்கை விளையாட்டாகவே நிற்கும். 2013-இல் பாஸ்டன் முறைகளை வாங்கியதாகத் தோன்றினாலும், உண்மையில் அது வாங்கியது நெட்ஸ் அணிக்கு வரவிருந்த மூப்பையே.

இனி வீரரின் பக்கம். கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெண்களுக்கான சி.ஆர்.ஐ. கோப்பை என அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகளை ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய ரசிகர்களுக்கு, அணி என்றால் பெரும்பாலும் ஒரு நிறுவனம்: இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ரயில்வே, கடற்படை, கேரள மின்வாரியம். அங்கு ஆடுபவர் அந்நிறுவனத்தின் ஊழியர்; விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை முழங்கால் தேய்ந்த பிறகும் அவரைக் காக்கிறது. அவரை யாரும் கைமாற்றுவதில்லை, கோடிகளும் தருவதில்லை. என்.பி.ஏ. வீரருக்குப் பெரும்பொருள் உண்டு, ஆனால் எந்த ஊரில் வாழ்வது என்பதை முதல் ஒப்பந்தக் காலம் முழுவதும் பிறரே முடிவுசெய்கின்றனர். 2015-இல் 52-ஆவது இடத்தில் டாலஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்த வரிசையில் இடம்பெற்ற முதல் இந்தியரான பஞ்சாபின் சத்னாம் சிங், என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. இரண்டாம் சுற்று முறை எவ்வளவு மெல்லிய வாக்குறுதி என்பதற்கு இது சான்று. இரு ஏற்பாடுகளுள் எது மேல் என்று பொதுவாகச் சொல்வது கடினம் என்றாலும், பதினெட்டு வயதில் வங்கி வேலையைக் கனவு காணும் கோவைச் சிறுவனின் கணக்கு அறியாமையிலிருந்து பிறந்ததன்று.

தமிழ்நாட்டில் டிராஃப்ட் முறை கூடைப்பந்தைவிடக் கிரிக்கெட்டிலேயே தெளிவாகச் சோதிக்கப்பட்டது. 2016-இல் எட்டு அணிகளோடு தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக், முதல் சில பருவங்களில் டிராஃப்ட் வழியே வீரர்களைப் பகிர்ந்தது. 2023-இல் ஏலத்துக்கு மாறியது. அந்த முதல் ஏலத்தில் லைகா கோவை கிங்ஸ் அணி சாய் சுதர்சனுக்கு 21.6 லட்சம் ரூபாய் கொடுத்தது. அதே வீரருக்கு ஐ.பி.எல். ஏலத்தில் கிடைத்திருந்தது 20 லட்சம். வீரரின் உண்மை மதிப்பை டிராஃப்ட் மறைத்து வைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கோவை அந்த ஆண்டு கோப்பையையும் வென்றது. 2024-இல் திருப்பூர் தமிழன்ஸ் அணி சாய் கிஷோரை 22 லட்சத்துக்கு எடுத்து, அவர் தலைமையில் 2025-இல் முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. பணம் திறமையைத் தேடிச் சென்றது, இரு கொங்கு ஊர்கள் பலன் கண்டன.

ஆனாலும் ஏலம், தோற்ற அணிக்கு என்று தனியாக எதையும் ஒதுக்குவதில்லை. எல்லா அணிகளுக்கும் ஒரே செலவு வரம்பு என்பதே அதன் சமத்துவம். மண்ணின் இளைஞரைப் பொறுமையாக வளர்க்கும் அணிக்கு ஊக்கம் தர, புதிய இளம் வீரர்களுக்கு மட்டும் ஒரு சிறிய டிராஃப்டை ஏலத்துக்கு முன் நடத்துவதும், தோற்ற அணிக்கு அதில் முன்வரிசை தருவதும் தமிழ்நாட்டு லீக்குகளுக்குப் பொருந்தக்கூடிய ஏற்பாடு. அப்போது முறையைக் கைமாற்ற அனுமதிக்கலாமா என்ற கேள்வி எழும். அதே பருவத்தின் முறையை மட்டும், பக்கத்து வயல்காரரோடு இந்த வாரத் தண்ணீரை மாற்றிக்கொள்வதுபோல, அனுமதிப்பதில் தீங்கில்லை. வருங்காலப் பருவங்களின் முறைக்கு அனுமதி தருவது வேறு. என்.பி.ஏ. அணிகள் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் ஒரே ஊரில் வேரூன்றியவை. இங்கோ காரைக்குடி காளையாக இருந்த அணியே திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. 2016-இல் முதல் கோப்பையை வென்ற தூத்துக்குடி அணியே சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. தூத்துக்குடியில் இருந்தபோது அந்த அணி ஏழு ஆண்டு முறைகளை எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பேரத்தின் பலனாக வந்த வீரரை ஒருநாளும் தம் மைதானத்தில் பார்த்திராத சேலத்துக்காரர்கள் அந்தத் தவணையைக் கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.