ஸ்கேனர் சொன்னது பாதி, மீட்டர் சொன்னது மீதி

ஓடிக்கொண்டிருக்கும் காரின் மீட்டர் போர்டில் திடீரென்று ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், ஏர்பேக் விளக்குகள் வரிசையாக எரிகின்றன. ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் விழுகிறது. சற்று நேரத்தில் எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது. இத்தனை பாகங்கள் ஒரே நொடியில் கெட்டுப்போவது அபூர்வம். பெரும்பாலும் அறுந்துபோவது அவற்றுக்கு இடையே நடக்கும் தகவல் போக்குவரத்துதான். இந்த வகைக் கோளாறில் போனோடு புளூடூத்தில் சேரும் ஈஎல்எம்327 வகை அடாப்டர் எவ்வளவு தூரம் உதவும் என்று பார்க்க, நண்பரின் பழைய ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொண்டேன். கூடவே ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர்.

காரின் கன்ட்ரோல் யூனிட்கள் பேசிக்கொள்வது கேன் பஸ் வழியாக. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகம் செய்த முறை இது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்கள், அவ்வளவுதான். சும்மா இருக்கும்போது இரண்டிலும் 2.5 வோல்ட். செய்தி போகும்போது ‘ஹை’ ஒயர் 3.5-க்கு ஏறும், ‘லோ’ ஒயர் 1.5-க்கு இறங்கும். யூனிட்கள் கவனிப்பது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு ஒயரையும் ஒன்றுபோலத் தாக்குவதால் வித்தியாசம் கெடுவதில்லை. பஸ்ஸின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று உண்டு.

அடாப்டரை காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகியதும் போனில் உள்ள ஆப் காட்டிய கோளாறு கோட் யு0121. ஏபிஎஸ் யூனிட்டோடு தொடர்பு இல்லை என்று பொருள். இதை எழுதியது ஏபிஎஸ் யூனிட் அல்ல. அதனிடமிருந்து தகவல் வராததால் இன்ஜினின் கன்ட்ரோல் யூனிட் எழுதி வைத்தது. யு-வில் தொடங்கும் கோட்கள் பெரும்பாலும் இப்படித்தான்: காணாமல் போனது யார் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, பல ஆயிரம் ரூபாய்க்கு யூனிட்டையே மாற்றச் சொல்வது பெரிய அநியாயம். யூனிட் நன்றாக இருந்து, அதற்குப் போகும் கரன்ட்டோ எர்த்தோ ஒயரோ கெட்டிருந்தாலும் அதே கோட்தான் வரும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அடாப்டர்களில் இன்னொரு சிக்கல். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் செய்த சிப்பின் நகல்கள்தான் பெரும்பாலும் அவற்றில் இருக்கின்றன. பதிப்பு எண் 2.1 என்று அறிவித்துக்கொண்டு, அந்தப் பதிப்பின் கட்டளைகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்லாதவை உண்டு. ஆப்பின் பொதுவான முறையிலும் இன்ஜின், புகை சம்பந்தப்பட்ட கோட்கள்தான் வரும். ஏபிஎஸ், ஏர்பேக் யூனிட்களுக்குள் நுழைய அந்தந்த கார் மாடலுக்கான வசதி ஆப்பில் இருக்க வேண்டும். திரையில் கோட் இல்லை என்பதை நம்பிவிட முடியாது. அடாப்டரின் விளக்கு எரிந்தும் கார் பதில் சொல்லவில்லை என்றால் அதுவே ஒரு துப்பு, பஸ் மொத்தமாகப் படுத்திருக்கலாம். விளக்கே எரியவில்லை என்றால் ஓபிடி சாக்கெட்டின் ஃபியூஸைப் பாருங்கள்.

என்னை அசத்தியது மல்டிமீட்டர்தான். முதலில் பேட்டரி. இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். வோல்ட் குறைந்தாலே யூனிட்கள் தடுமாறி யு-கோட்களைக் கொட்டும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, ஓபிடி சாக்கெட்டின் 6, 14-ஆம் பின்களுக்கு இடையே ஓம் அளக்க வேண்டும். 60 வந்தால் இரண்டு ரெசிஸ்டரும் தொடர்பில் இருக்கின்றன. 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் எங்கோ உரசுகின்றன.

நண்பரின் காரில் 60 வந்தது. ஆனால் ஏபிஎஸ் பக்கம் போகும் ஒயர் கட்டைக் கையால் மெல்ல அசைத்ததும் 120-க்குத் தாவியது. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே ஈரம், பின்களில் பச்சைக் களிம்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவைத்து, தளர்ந்த டெர்மினலை இறுக்கியதும் அசைத்தாலும் 60 மாறவில்லை. அந்த காரில் ஒரு முனை ரெசிஸ்டர் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் இருந்ததால்தான் சாக்கெட்டிலேயே இது தெரிந்தது. யூனிட் பஸ்ஸின் நடுவில் இருக்கும் கார்களில் அதன் கிளை ஒயர் அறுந்தாலும் சாக்கெட்டில் 60-தான் காட்டும். அங்கே அந்த யூனிட்டின் கனெக்டரிலேயே அளக்க வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் நடுவே கேட்வே யூனிட் இருப்பதால், சாக்கெட்டில் அளப்பது அதுவரைக்கும்தான் செல்லும். ஒயரிங் வரைபடம் இல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள். கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகும் கோளாறுக்கு மீட்டரும் போதாது, ஆஸிலோஸ்கோப் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம்தான் போக வேண்டும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மல்டிமீட்டரை வாங்குங்கள். அடாப்டரும் வாங்கினால், வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். மாட்டியே விட்டால் நிறுத்திவைத்த காரின் பேட்டரியைக் குடிக்கும். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கானவை. அவற்றில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது.