கம்பே கவசம்
20 முதல் 30 கிலோ வரை கனக்கும் இரும்புக் கவசம் பூண்டு, 2010இல் உக்ரைனின் ஹோதின் கோட்டையிலே சில தேசத்து அணிகள் இடைக்காலப் போரை விளையாட்டாக நிகழ்த்தின என்று அறியும்போது, 1929இல் போ தேயிலைத் தோட்டம் உருவான கேமரன் மலையில், திரிங்காப்பிலிருக்கும் நமக்கு, கப்பலேறிய தமிழ்த் தொழிலாளரோடு மலாயாவுக்கு வந்த சிலம்பமே சிந்தையில் எழுதல் சகஜம்.

நெற்றியளவு உயர்ந்த ஒற்றைக் கம்பே இங்கே ஆயுதமும் கேடயமும். எதிராளியை மண்ணில் சாய்ப்பதே ஜெயம் என்னும் அந்த இரும்புச் சமரைவிட, கம்பின் நுனி மேனியைத் தொட்டதையே புள்ளியாகக் கணிக்கும் நம் நியதி நாகரிகமானது. ஆயினும் காலடி வரிசையே இக்கலையின் ஜீவன் என்பது என் அபிப்பிராயம். கால் தடுமாறியவனுக்குக் கை எத்தனை சுழன்றும் பிரயோஜனமில்லை. இக்காலப் போட்டிகளில் தலைக்கவசம் அணிவதைக் குறை சொல்வாரும் உண்டு, மண்டை அவர்களுடையதன்று!

தோட்டத்துப் பெற்றோரே, பிள்ளைகளைக் கம்பெடுக்க விடுங்கள்.