எழுத்தும் சொல்லும் கற்ற இயந்திரம்

செயற்கை அறிவு பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு இரண்டு தடத்தில்தான் ஓடுகிறது. ‘எல்லாம் போச்சு, இனி எழுத்தாளன் எதுக்கு’ என்பது ஒன்று. ‘மனுசனுக்கு உணர்ச்சி இருக்கு, மெஷினுக்கு ஏது’ என்பது மற்றது. அறிவு என்பது தனி மண்டைக்குள் அடைபட்ட சரக்கு என்றே இரண்டும் நம்புகின்றன. இந்த நம்பிக்கையைக் கலைத்துப் பார்க்க மதுரையிலேயே ஒரு பழைய பிரதி இருக்கிறது: இறையனார் அகப்பொருள் உரை.

எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்று பொதுவாகக் கருதப்படும் அவ்வுரை, ஒரு பஞ்சத்தின் கதையைச் சொல்கிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு மழையில்லை. சோறு போட முடியாத அரசன் புலவர்களை அனுப்பிவிடுகிறான். மழை பெய்தபின் தேடினால் எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர்கள் கிடைக்கிறார்கள். பொருளதிகாரம் வல்லவர் எங்குமில்லை. அரசன் கவலைப்பட, ஆலவாய்க் கடவுள் அறுபது சூத்திரம் செய்து செப்பேட்டில் தருகிறார். புலவர்கள் ஆளுக்கோர் உரை சொல்கிறார்கள். எது மெய்யுரை? தீர்ப்புக்கு உட்கார வைக்கப்படுபவன் உருத்திரசன்மன்: ஐந்து வயது, ஊமை. மருதனிளநாகனார் உரைக்குச் சில இடங்களில் மட்டும் கண்ணீர் விட்டான். நக்கீரர் உரைக்கோ தொடக்கம் முதல் கடைசிவரை அழுதான், மயிர்க்கூச்செறிந்தான்.

1950-இல் ஆலன் டூரிங் முன்வைத்த சோதனையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகம் தெரியாமல் கேள்வி கேட்பவரிடம், மனிதன் என்று நம்பும்படி பதில் சொல்லிவிட்டால் இயந்திரம் தேறியது. அங்கே உருத்திரசன்மன் தோற்றுப்போவான். அவனிடமிருந்து ஒரு பதிலும் வராது.

உடனே ‘பார்த்தீர்களா, உடம்புதான் அறிவு’ என்று துள்ள வேண்டியதில்லை. இந்தக் கதையாடலுக்குள் அதிகாரமும் வேலை செய்கிறது. சிறுவன் குமாரக்கடவுள் என்று தெய்வ முத்திரை குத்தப்பட்டிருக்கிறது. அவனிடம் காரணம் கேட்க வழியில்லை. காரணம் சொல்லாமல் தீர்ப்பு மட்டும் தருவதில் இன்றைய இயந்திரமும் அவன் ஜாதிதான். வேறுபாட்டை மர்மமான உள்ளத்தில் தேடுவதை விட்டுவிட்டு, கதையின் தொடக்கத்துக்கு, பஞ்சத்துக்குத் திரும்ப வேண்டும். எழுத்தும் சொல்லும் பஞ்சத்தைத் தாண்டின, பொருள் தாண்டவில்லை. தமிழ் இலக்கணத்தில் பொருள் என்பது நிலம், பொழுது, தொழில், கூடல், பிரிவு என விரியும் வாழ்க்கை. சோறு தின்னும் உடம்புகள் கலைந்தபோது அதுவும் கலைந்துபோயிற்று.

இயந்திரத்தை ஒதுக்கும் பண்டிதம் எனக்கில்லை. சர்க்கரை நோயால் கெடும் விழித்திரையைப் படத்தைக் கொண்டே கண்டுபிடிக்கும் கூகுளின் இயந்திரம், இதே மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையில் 2019-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நாலு பேருக்குப் பார்வை தப்பினால் நல்லதுதான். ஆனால் 2016-இல் வெளிவந்த ஆய்வின்படி, அதைப் பழக்கியது 1,28,175 படங்களைக் கொண்டு. அவற்றைத் தரம் பிரித்தவர்கள் 54 கண் மருத்துவர்கள். அவர்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பார்வை அது. இயந்திரத்தைக் கொண்டாடும்போது இந்த உழைப்பு பேச்சிலிருந்து நழுவிவிடுகிறது.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் வாசல். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அப்பத்தா வந்திருந்தார். ரேஷன் கடைக் கருவியில் கைரேகை விழவில்லை. மூன்று தடவை வெறும் பையோடு திரும்பியிருக்கிறார். கூட வந்த பேரன் செல்போனில் இயந்திரத்தைக் கேட்டு மனு தயாரித்து வைத்திருந்தான். பிழையில்லாத தமிழ். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ப் பொருள் பெற இயலவில்லை என்றிருந்தது. மனு எழுதிக்கொடுக்கும் பெரியவர் வாங்கிப் படித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கு தம்பி” என்றவர், அப்பத்தா பக்கம் திரும்பி, “கையக் காட்டுங்க ஆத்தா” என்றார். விரல் நுனிகள் மழமழவென்று இருந்தன.

“என்ன வேலை பாத்தீக?”

“நடவு, களையெடுப்பு. அப்புறம் கொஞ்ச வருசம் செங்கச் சூளை.”

பெரியவர் புதிதாக எழுதினார்: கருவியில் கோளாறு இல்லை; வேலை செய்து ரேகை தேய்ந்துவிட்டது; ஆகவே ரேகை கேட்காமல் அட்டையைப் பார்த்து அரிசி தர உத்தரவிட வேண்டும்.

முதல் மனுவில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆனால் அதன்படி குற்றவாளி ஒரு கோளாறு. மெக்கானிக் வந்தால் சரியாகிவிடும். இரண்டாவது மனுவுக்கு யாராவது ஓர் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். ‘கையைப் பற்றிப் பேரன் சொல்லியிருந்தால் இயந்திரமும் அப்படியே எழுதியிருக்குமே’ என்று தோழர் ஒருவர் வாதிட்டார். எழுதியிருக்கும்தான். கையைக் காட்டச் சொன்னது யார் என்பதே என் கேள்வி. மனு தள்ளுபடியானால் அடுத்த திங்களும் அதே முகத்தைப் பார்க்க வேண்டியவர் அவர். அவர் கேட்ட கேள்வி அங்கிருந்து பிறந்தது.

அன்று அந்த வாசலில் மேசை போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு மனுவுக்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறார். செல்போன் சும்மா எழுதித் தருகிறது. பாண்டியனுக்காவது பஞ்சம் என்ற காரணம் இருந்தது. நாம் எந்தக் காரணத்துக்காக இவரை அனுப்பப் போகிறோம்?