மறுஆக்கமும் மலைநிலமும்: ‘மூன்றாம் பிறை’யை முன்வைத்து

புகழ்பெற்ற ஒரு படத்தின் கதையையும் திரைக்கதையையும் உரிமை பெற்று மீண்டும் எடுப்பதைத் திரைத்துறையினர் ரீமேக் என்றும் விமர்சகர்கள் மறுஆக்கம் என்றும் வழங்குவர். இதில் இரு வகை உண்டு. ஒரு மொழியில் வென்ற கதையை அம்மொழி அறியாதாருக்குக் கொண்டுசெல்வது ஒன்று. கதையை ஏற்கெனவே நன்கறிந்தவர்களுக்கே, பல ஆண்டுகள் கழித்து, அதே மொழியில் திரும்பவும் காட்டுவது மற்றொன்று. முன்னது கதையை நம்பி முதலீடு செய்கிறது. பின்னது பார்வையாளரின் நினைவை நம்பி முதலீடு செய்கிறது.

சென்னை ஸ்டுடியோக்கள் வளர்ந்ததில் முதல் வகைக்குப் பெரும் பங்குண்டு. ஏவி.எம். நிறுவனம் 1949இல் எடுத்த ‘வாழ்க்கை’, தெலுங்கில் ‘ஜீவிதம்’ எனவும் இந்தியில் ‘பஹார்’ எனவும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிவர, மூன்றிலும் வைஜயந்திமாலாவே நடித்தார். ஸ்ரீதர் தம் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தை மறு ஆண்டே ‘தில் ஏக் மந்திர்’ என இந்தியில் தாமே இயக்கினார். பிறமொழிப் படம் ஊர்க் கொட்டகைக்கு அரிதாகவே வந்த அக்காலத்தில் இம்முறைக்கு வணிகக் காரணம் மட்டுமன்றிப் பண்பாட்டுக் காரணமும் இருந்தது.

இவ்வகையின் எல்லை எதுவென்று அறிய நீலகிரியில் எடுக்கப்பட்ட ‘மூன்றாம் பிறை’ (1982) போதுமான சான்றாகும். கேத்தியில் ஆசிரியராக இருக்கும் சீனு, விபத்தில் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட விஜியைப் பேணிக் காப்பதும், நினைவு திரும்பியதும் அவள் அவனை அடியோடு மறந்துபோவதுமே கதை. கேத்தி ரயில் நிலையத்தில், கொட்டும் மழையில், உடம்பெல்லாம் சேறு படிந்த சீனு தலையில் பானையைத் தாங்கி, முன்பு அவளைச் சிரிக்கவைத்த குரங்குச் சேட்டைகளையெல்லாம் செய்துகாட்ட, அவனை யாரென்றே அறியாத விஜியுடன் ரயில் நகர்ந்துவிடுகிறது. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும் பாலுமகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருதையும் பெற்றுத்தந்த இப்படத்தை 1983இல் ‘சத்மா’ என இந்தியில் எடுத்தபோதும் பாலுமகேந்திராவே இயக்குநர், கமலும் ஸ்ரீதேவியுமே நடிகர்கள், இளையராஜாவே இசையமைப்பாளர், கேத்தியே களம். அசலுக்கு இதைவிட நெருக்கமான மறுஆக்கம் வாய்ப்பது அரிது. ஆயினும் தமிழில் ஓராண்டை நெருங்கி ஓடிய கதை இந்தியில் வெளிவந்த காலத்தில் வசூலில் தோற்றது; பின்னாளில்தான் கொண்டாடப்பட்டது. ஆட்களும் இடமும் மாறாதிருந்தும் வரவேற்பு உடன்வரவில்லை என்பதால், வென்ற கதை மீண்டும் வெல்லும் என்ற தயாரிப்பாளர் கணக்கை உறுதியானதாகக் கொள்வதற்கில்லை.

இரண்டாம் வகையின் வரலாறு இன்னும் மெலிந்தது. ‘மாப்பிள்ளை’, ‘முரட்டுக்காளை’, ‘தில்லு முல்லு’ ஆகிய ரஜினிகாந்த் படங்கள் 2011 முதல் 2013 வரை வரிசையாக மறுபடி எடுக்கப்பட்டன. அவற்றுள் எதுவும் பழைய படத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. (1981இன் ‘தில்லு முல்லு’வே இந்தி ‘கோல்மால்’ படத்தின் மறுஆக்கம் என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.) விதிவிலக்கு ‘பில்லா’ (2007). அது 1980ஆம் ஆண்டுப் படத்தின் கதையை எடுத்துக்கொண்டு, களத்தை மலேசியாவுக்கு மாற்றி, தோற்றத்தையும் நடையையும் புதிதாக வகுத்துக்கொண்டது. மலையாள ‘திருஷ்யம்’ நெல்லைத் தமிழ் பேசும் ‘பாபநாச’மாக (2015) மாறியதும் அத்தகையதே: புதிய மண்ணில் வேர்விடும் கதையே நிற்கிறது.

மலையாளப் படத்தைத் தமிழ் வரிகளுடன் வீட்டிலேயே பார்க்க முடிகிற இன்று, முதல் வகைக்கான பழைய தேவையும் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பழையதைப் போற்றுவதற்கும் நேர்வழி ஒன்று உண்டு. 1964இல் வந்த ‘கர்ணன்’ டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் திரையிடப்பட்டபோது அரங்குகள் நிறைந்தன. சிவாஜியின் நடிப்பை வேறொருவர் நடித்துக்காட்ட வேண்டிய தேவை எழவில்லை.

புதுக்கதைக்குப் பஞ்சம் என்ற வாதத்துக்கும் நீலகிரியே விடை சொல்லும். திரைத்துறைக்கு இம்மலை பெரும்பாலும் பாடல் காட்சிக்கான பின்புலம். ‘ரோஜா’வில் (1992) குன்னூரும் ஊட்டியும் காஷ்மீராகவே நடித்தன. ஆனால் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களைவிட்டுத் தாயகம் திரும்பிய குடும்பங்கள், அவர்களுக்கு வேலை தர அரசு உருவாக்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்களில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாகக் கொழுந்து பறித்து வந்துள்ளன. வால்பாறைத் தோட்டக் கொடுமையைச் சொல்லும் ‘எரியும் பனிக்காடு’ நாவலைத் தழுவி பாலா ‘பரதேசி’யை (2013) எடுத்த பின்னும், தாயகம் திரும்பியோரின் கதையைப் பெரிய நிறுவனம் எதுவும் பொருட்படுத்தவில்லை. ஸ்டுடியோக்கள் பழைய படங்களின் நெகட்டிவ்களைச் செப்பனிட்டுத் திரைக்கு அனுப்பட்டும். மறுஆக்க உரிமைக்கு ஒதுக்கும் தொகையை இத்தகைய கதைகளை எழுதுவோருக்குக் கொடுக்கட்டும்.