இறங்கி வந்த யாத்திரிகன்

தோற்றுப்போனவன் ஊர் திரும்புவதற்குப் பகல் பஸ்ஸைத் தேர்ந்தெடுப்பதில்லை. நானும் இரவில்தான் வந்தேன். கிருஷ்ணன்கோவில் விலக்கில் இறங்கியபோது வத்திராயிருப்புக்குக் கடைசி வண்டி போய்விட்டிருந்தது. விடியும்வரை ஒரு டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். சென்னையில் நான் நடத்திய சிறு பத்திரிகை ஒன்பதாவது இதழோடு நின்றுவிட்டது. கடனும், விற்காத இதழ்க் கட்டுகளும்தான் மிச்சம். இனி எழுதுவதில்லை என்ற தீர்மானத்துடன் வீட்டுத் திண்ணை ஏறினேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார், கிறிஸ்தவர். ஒரே வருஷத்தில் மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவர். பேரனை வளர்த்துக்கொண்டு, மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்தார். என்னை எதுவும் விசாரிக்காமல் இரண்டு புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். ஒன்று, தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்று வழங்கும் ஜான் பனியனின் கதை. மற்றொன்று, அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’.

“மலை ஏறினதோட நிறுத்திராதீங்க தம்பி. பாதியிலே திரும்பி இறங்கி வாரான் பாருங்க, அதைப் படிங்க” என்றார்.

அந்தக் கட்டம் பனியனில் இப்படி வருகிறது. யாத்திரிகன் கஷ்டமான மலையொன்றில் ஏறுகிறான். நடுவில் ஒரு நிழற்குடில். அதில் அயர்ந்து தூங்குகிறான். அவனுக்கு அனுமதிச் சீட்டாகக் கொடுத்திருந்த ஓலைச் சுருள் கைநழுவி விழுகிறது. அது தெரியாமல் உச்சிவரை போய்விடுகிறான். பிறகு, அழுதுகொண்டே வந்த வழியே இறங்கி, தூங்கிய இடத்தில் தேடி எடுத்துக்கொண்டு, இருட்டும் வேளையில் மறுபடி ஏறுகிறான். சதுரகிரி ஏறியவர்களுக்குத் தெரியும். முழங்கால் நடுங்குவது ஏறும்போதல்ல, இறங்கும்போது.

விசுவாசத்தால் மீண்டவர்களின் கதைகள் நிறைய வருகின்றன. பெரும்பாலானவற்றில் ஒரு குறை இருக்கிறது. மனிதன் விழுவான், ஜெபிப்பான், அடுத்த பக்கத்தில் வீடும் வேலையும் திரும்பி வந்துவிடும். வட்டிக்கடைக் கணக்குக்கும் அந்தக் கதைக்கும் வித்தியாசம் இல்லை. பனியன் அப்படிக் கணக்கு எழுதவில்லை. பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைக்கும் தொழிலாளி அவன். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் 12 வருஷம் சிறையில் இருந்தான். விடுதலையானபின் மறுபடியும் சில மாதம் உள்ளே போனான். புத்தகம் வெளிவந்தது 1678-இல். விசுவாசம் அவனைச் சிறையிலிருந்து காப்பாற்றவில்லை. சிறையிலும் எழுத வைத்தது.

கிருஷ்ண பிள்ளையின் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், கம்பராமாயணத்தில் ஊறிய வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போனவர், 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அந்தக் காலத்தில் அதன் அர்த்தம் என்னவென்று தென்பாண்டிச் சீமையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுற்றமும் பந்தியும் பழகிய தெருவும் ஒரே நாளில் அந்நியமாகிவிடும். அதோடு, ஒரு புலவனுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. நாவில் ஊறிய ராமகதையும் ஆழ்வார்களின் பாசுரங்களும் இனி யாருடையவை?

இந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் காவியம் என்று நினைக்கிறேன். 1894-இல், அவருடைய 67-ஆம் வயதில், அது புத்தகமாக வந்தது. ஞானஸ்நானத்துக்கும் அதற்கும் நடுவே 36 வருஷம். ஐந்து பருவங்கள், 3,700-க்கு மேற்பட்ட விருத்தங்கள். அவற்றில் நடப்பது கம்பனின் நடை. இடையிடையே ‘தேவாரம்’ என்ற பெயரிலேயே கரைந்துருகும் பாடல்கள். தொலைத்துவிட்டதாக ஊரார் நினைத்த சுருளை, வந்த வழியே இறங்கிப் போய் எடுத்து வந்திருக்கிறார். புது வீட்டைப் பழைய செங்கல்லால் கட்டியிருக்கிறார்.

கதைக்காரன் என்ற முறையில் எனக்குக் குறைகளும் தென்படுகின்றன. பனியனின் மனிதர்கள் சந்தைத் தெருவில் பேசுவதுபோல் பேசுகிறார்கள். கிருஷ்ண பிள்ளையின் மனிதர்கள் சபையில் பேசுகிறார்கள். ஒருவன் சேற்றில் விழுந்தால் முதலில் சேறு நம் காலில் ஒட்ட வேண்டும். இங்கே அதற்கு முன் உவமை வந்து நிற்கிறது. பண்டிதர் கவிஞரை முந்திக்கொள்ளும் இடங்கள் பல. வேகமாகப் படிக்கப் பழகிய நாவல் வாசகர்கள் அங்கே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

மூட வேண்டாம் என்பேன். குமார பருவத்துக்கு வாருங்கள். பனியனின் யாத்திரிகன் சிலுவையடியில் நிற்பது ஒரு சிறிய காட்சி. சுமை முதுகிலிருந்து கழன்று உருள்கிறது, கதை நகர்ந்துவிடுகிறது. நம் புலவருக்கு அது போதவில்லை. கிறிஸ்துவின் பாடுகளை விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்குகிறார். காட்டிக் கொடுக்கப்பட்டவன், கைவிடப்பட்டவன், கட்டுண்டவன் என்று ஒவ்வொரு படியாக அந்த மனிதனுடன் இறங்குகிறார். சபைத் தமிழ் அங்கே மறந்துபோகிறது. உற்றவர்கள் விலகிய ஒருவனைப் பாட, அந்த வலி தெரிந்தவரின் குரலே வேண்டியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் பிறந்து, மார்கழி விடியலில் பாசுரம் கேட்டு வளர்ந்த என் காதுக்கு அந்தக் குரல் அந்நியமாகப் படவில்லை. ஆழ்வார்கள் அழுத அதே தமிழ்தான்.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாத்தியார் பேரனுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார்.

“போனதெல்லாம் திரும்ப வந்துச்சா ஐயா, உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“வரலை தம்பி” என்றார், அமைதியாக. “கர்த்தர் அதைத் தாரேன்னு சொல்லலையே. கூட வாரேன்னுதான் சொன்னார்.”

நான் கிறிஸ்தவன் அல்ல, ஆகவும் இல்லை. ஆனால் அன்றிரவு இதழ்க் கட்டுகளுக்கு அடியில் கிடந்த, மூன்றாவது அத்தியாயத்தில் நான் கைவிட்ட கதையைத் தேடி எடுத்தேன். என் சுருள் அங்கேதான் விழுந்திருந்தது.